உமாவின் கன்னம்

1

போன ஞாயிற்றுக்கிழமை பெருங்களத்தூரிலிருந்து அண்ணன் வீடியோவில் கூப்பிட்டான். அவன் பக்கத்தில் என் சிநேகிதன் பம்மல் சேகர் உட்கார்ந்திருந்தான். பத்தாவது வரைக்கும் ஒன்றாகப் படித்து, ஒன்றாகவே படிப்பை நிறுத்தியவர்கள் நாங்கள். அவன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். நான் ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில், இந்தியச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் சமையல்காரனாக இருக்கிறேன்.

இங்கே அப்போது காலை வேளை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் ஹீட்டர் ஓடுவதால், குளித்துவிட்டு வேட்டி மட்டும் கட்டி, வெறும் உடம்போடு சாமி கும்பிட்டுவிட்டு நின்றேன். சேகர் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

“இன்னாடா மச்சான், நெத்தியோட நிறுத்திட்ட? மாரு, தோளு, கையின்னு ஒரு இடம் விடாம பட்டையா போட்டுகினு இருப்பியே. வெள்ளைக்காரன் சாமியாண்ட ட்ரான்ஸ்பர் வாங்கிட்டியா?”

அடுப்படியிலிருந்து அண்ணி சிரித்தது கேட்டது. “அத்த அவராண்ட கேக்காத சேகரு. அது பெரிய கதை. கேட்டா அழுதுடுவாரு.”

நான் சொல்ல வாயெடுத்தேன். படம் அப்படியே நின்றுவிட்டது. சேகர் வாயைத் திறந்தபடி கொஞ்ச நேரம் தெரிந்தான், பிறகு அதுவும் போய்விட்டது.

சேகர் கேட்டது விளையாட்டுக்குத்தான். ஆனால் எங்கள் தெருவில் இன்னும் நாலு பேர் அப்படி நினைத்திருக்கலாம். மணி வெளிநாடு போனான், திருநீற்றைக் குறைத்துக்கொண்டான் என்று. அப்படி இல்லை என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதிப் பழக்கமில்லாத கை. குற்றம் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

என் அப்பாவுக்குக் கால்பாதம் தவிர உடம்பெல்லாம் திருநீறுதான். தண்ணீரில் குழைத்து, மூன்று விரலால், கோடு கலையாமல் இழுப்பார். அந்தப் பழக்கம் எனக்கும் வந்துவிட்டது. பூசாமல் வெளியே போனால் சட்டை போடாமல் போன மாதிரி கூச்சமாக இருக்கும். இங்கே வந்த பிறகும் அதை விடவில்லை. மேலே சட்டையைப் போட்டுக்கொண்டால் யாருக்குத் தெரியப் போகிறது?

கற்பூரம்தான் வம்பு செய்தது. இந்த வீட்டுக்குக் குடிவந்த புதிதில், ஒரு வெள்ளிக்கிழமை கற்பூரம் காட்டினேன். மேற்கூரையில் வெள்ளையாக ஒரு வட்டு ஒட்டியிருக்கும், புகையைக் கண்டால் கத்துகிற கருவி. அது வீடே அதிர அலறியது. செல்வி, என் மனைவி, கைக்குழந்தையின் காதைப் பொத்திக்கொண்டு ஓடினாள். கீழ்வீட்டு அம்மாள் வந்து கதவைத் தட்டினாள். நான் தட்டோடு போய் நின்றேன். அவள் தட்டைப் பார்த்தாள், என் உடம்பிலிருந்த பட்டையைப் பார்த்தாள். நெருப்பில் விழுந்து சாம்பலோடு எழுந்து வந்திருக்கிறேன் என்று பயந்துவிட்டாள் போல. ஈரத் துணி எடுத்துவர ஓடினாள், பாவம். நல்ல மனுஷி.

அன்றோடு கற்பூரம் நின்றது. சாம்பிராணி இல்லை, ஊதுவத்தி இல்லை. வீட்டில் சாமி படம் இருந்தது, ஆனால் சாமி இருக்கிற வாசனை இல்லை. அது எனக்கு என்னவோ போல இருந்தது. அதனால் ஊருக்குப் போயிருந்தபோது தாம்பரம் மார்க்கெட்டில் ஜவ்வாதுப் பொடி டப்பா ஒன்று வாங்கி வந்தேன். திருநீற்றைக் குழைக்கும்போது அதில் ஒரு சிட்டிகை போட்டுக்கொள்வேன். புகை இல்லாமலே வீடு கோயிலாகிவிடும். கருவிக்கு மூக்கு இல்லை, எனக்கு இருக்கிறது என்று செல்வியிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

எங்கள் கடையில் மதியச் சமையலுக்குத்தான் நான் போக வேண்டும். காலை முழுக்க எனக்கும் உமாவுக்கும். உமா எங்கள் சின்னவள். பெரியவள் தாரிணி பள்ளிக்கூடம் போய்விடுவாள். நான் குளித்து, பூசி, கும்பிட்டு, மேலே ஒரு பழைய கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தால், உமா இரண்டு கையையும் தூக்குவாள். வலது தோளில் போட்டுக்கொள்வேன். அவள் முகத்தைச் சட்டைக் காலருக்குள் புதைத்துக்கொண்டு, மூக்கால் ஒரு இழுப்பு இழுப்பாள். உடனே உடம்பு கனக்க ஆரம்பிக்கும். தூங்குகிற குழந்தைக்கு எங்கிருந்து அந்தக் கனம் வருகிறதோ தெரியவில்லை.

அவளைப் போட்டபடி ஜன்னலோரம் நிற்பேன். எதிரே பஸ் நிறுத்தம். பஸ் வரும், யாரும் ஏறாமல் போகும். பார்த்துக்கொண்டே இருந்தால் கண்ணாடியில் படிந்த என் மூச்சுக்குள்ளே அந்தப் பஸ் நிறுத்தம் கரைந்து, அங்கே எங்கள் ஊர் ஜி.எஸ்.டி. ரோடு தெரியும். பொங்கலுக்கு ஊர் போகிறவர்கள் மூட்டையும் முடிச்சுமாகத் தெற்கே பார்த்து நிற்பார்கள். மின்சார ரயில் ஒன்று ஊரப்பாக்கம் பக்கம் போகும். அந்தச் சத்தம்கூடக் கேட்கும். உண்மையில் அது என் கழுத்தில் உமா விடுகிற மூச்சு. நின்றபடியே கனவு காண்கிற பழக்கம் எனக்கு அவளால் வந்தது.

3

அவளுக்கு ஒரு வயசு முடிகிற சமயத்தில்தான் கன்னம் சிவந்தது. இடது கன்னத்தில் மட்டும். முதலில் கொசு கடித்த மாதிரி, பிறகு சொரசொரவென்று தடித்து, காதுவரைக்கும் ஏறியது. சொறிந்து சொறிந்து நீர் வடியும். கொஞ்சம் ஆறும், மறுபடி சிவக்கும்.

குழந்தை டாக்டரிடம் போனோம். வரவேற்பில் இருந்த பெண்ணிடம், குழந்தைக்குக் காய்ச்சல் இல்லை, தோல்தான் சரியில்லை என்று நானே ஜெர்மனில் சொன்னேன். காய்ச்சலுக்கும் நெருப்புக்கும் அவர்கள் சொல்கிற வார்த்தை எனக்கு எப்போதும் குழம்பும். குழந்தைக்கு நெருப்பு இல்லை என்று சொல்லியிருக்கிறேன். அந்தப் பெண் எழுந்து நின்றுவிட்டாள். தாரிணி என் சட்டையை இழுத்து, “அப்பா, நீ பேசாத. நான் பேசறேன்” என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு எல்லாம் பேசுகிறவள் அவள்தான். ஒன்பது வயசு.

டாக்டர் கேட்பார், தாரிணி எங்கள் பக்கம் திரும்புவாள். “பாப்பாக்கு என்ன தடவுறீங்கன்னு கேக்கறாங்க.” தேங்காய் எண்ணெய் என்பாள் செல்வி. அதை நிறுத்தச் சொன்னார்கள். என்ன சோப்பு? அதை மாற்றினோம். என்ன சாப்பிடுகிறாள்? முட்டையை விட்டோம், பாலை விட்டோம். அவள் கட்டிக்கொண்டு தூங்குகிற துணி முயலைக்கூடப் பையில் போட்டுக் கட்டி மேலே வைத்துவிட்டோம். இரண்டு நாள் முயலைக் கேட்டு அழுதாள்.

அப்பா என்ன வேலை என்றார்கள். சமையல்காரன் என்றதும் டாக்டர் முகத்தில் ஒரு வெளிச்சம். மிளகாய், மசாலா, கை! அதற்கப்புறம் நான் கை கழுவாத நேரம் கிடையாது. கழுவிக் கழுவி என் கைதான் வெடித்தது. கன்னம் அப்படியே இருந்தது.

தோல் டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் இந்த டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தால் அங்கே நாள் கிடைக்க வேண்டும். போன் செய்தால் ஒரு மெஷின் பேசும், ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று. பகலில் உமாவை விடக் கேட்ட குழந்தைகள் காப்பகத்தில், ஒட்டுகிற நோய் இல்லை என்று தாள் கொண்டுவந்தால்தான் சேர்ப்போம் என்றார்கள். தாள் தருகிறவர், காரணம் தெரியாமல் தாள் தர முடியாது என்றார். யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லாரும் சிரித்த முகத்தோடு, அடுத்த கதவைக் காட்டினார்கள்.

குழந்தை மேல் என்ன படுகிறது என்று எல்லாரும் கேட்டார்கள். குழந்தை எதன் மேல் படுகிறாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்களுக்கும் தோன்றவில்லை. நான் ஈஸ்வரனிடம் கேட்டேன். கேட்கிற நாளெல்லாம் இன்னும் கொஞ்சம் அழுத்தமாகப் பூசிக்கொண்டு கேட்டேன்.

4

கோடை விடுமுறை வந்ததும் செல்வி இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு முன்னால் கிளம்பினாள். எனக்கு முதலாளி லீவு தரவில்லை. மூன்று வாரம் கழித்துப் போ என்றார்.

பெருங்களத்தூரில் அண்ணன் வீடு ரயில் பாதைக்குப் பக்கம். அண்ணன் ஒரு காலேஜ் பஸ்ஸின் டிரைவர். அண்ணி ஊரறிந்த வாய், ஆனால் தங்கம். போன மறுநாளே உமாவைத் தூக்கிக்கொண்டு அக்கி எழுதப் போய்விட்டாளாம். நம் பக்கத்தில் தோல் தடித்தால் குயவரிடம் போய்க் காவிக் கல்லைக் குழைத்துத் தடவி வருவோமே, அது. அப்படியே அம்மன் கோயிலில் உப்பும் மிளகும் கொட்டிவிட்டு வந்திருக்கிறாள்.

வாரம் ஒன்று போவதற்குள் செல்வி வீடியோவில் உமாவை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். கன்னம் பழையபடி. மாவைத் தொட்ட மாதிரி மெத்தென்று இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“தண்ணி ஒத்துக்கல தம்பி, அவ்ளோதான்” என்றாள் அண்ணி. “அந்தக் குளுருல கொயந்தை எப்டி இருக்கும்? இங்க பாரு, ஒரு வாரத்துல ரோஜாப்பூ மாதிரி ஆயிட்ச்சு.”

செல்வி உமாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். இரண்டு நாள் கழித்துத் தனியாகக் கூப்பிட்டாள்.

“என்னாங்க, ஒண்ணு சொல்வேன், கோவப்படக் கூடாது.”

“சொல்லு.”

“நாங்க இங்கியே இருந்துடறோமே. தாரிணிக்கு தாம்பரத்துல ஒரு ஸ்கூல்ல கேட்டேன். சேர்த்துக்கறேன்னாங்க. நீங்க அங்க இருந்து அனுப்புங்க. வருஷத்துக்கு ஒருக்கா வாங்க. எத்தன பேரு அப்படி இல்ல? பாப்பா சொறிஞ்சு சொறிஞ்சு அழுததை இனிமே என்னால பாக்க முடியாதுங்க.”

நான் கோபப்படவில்லை. கோபப்பட என்ன இருக்கிறது? குழந்தை நன்றாக இருக்கிறாள், கண்ணால் பார்த்தேன். சரி, நான் வந்ததும் பேசலாம் என்றேன். போனை வைத்த பிறகு வீட்டில் நடந்து பார்த்தேன். தாரிணியின் பனிச் செருப்பு, மேலே பையில் கட்டிய முயல், ஜன்னல். ஜன்னலோரம் போய் நின்றேன். தோளில் ஒன்றும் இல்லாமல் நின்றால் அங்கே வெறும் பஸ் நிறுத்தம்தான் தெரிந்தது. ஜி.எஸ்.டி. ரோடு வரவில்லை.

வலது தோளை இடது கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். வருஷத்துக்கு ஒரு தடவை என்றால், அடுத்த தடவை அவள் இந்தத் தோளில் தூங்குகிற வயசைத் தாண்டியிருப்பாள்.

5

மூன்று வாரம் கழித்து நானும் போய்ச் சேர்ந்தேன். பெட்டிகளை இழுத்துத் தூக்கியதில் வலது தோள் பிடித்துக்கொண்டது, கையை உயர்த்த முடியவில்லை. உமா முதலில் அண்ணியின் பின்னால் ஒளிந்தாள். நான் குளித்து, கூடவே கொண்டுபோன என் டப்பாவைத் திறந்து, குழைத்துப் பூசி, கும்பிட்டுவிட்டுக் கூடத்துக்கு வந்தேன். அவள் மூக்கைச் சுருக்கி ஒரு இழுப்பு இழுத்தாள். அப்புறம் இரண்டு கையையும் தூக்கினாள்.

அந்தச் சந்தோஷத்தை எழுத எனக்குப் படிப்பு போதாது.

நம்ம ஊர்ப் புழுக்கத்தில் சட்டை எங்கே போடுவது? வெறும் உடம்போடு பகலில் கூடத்துத் தரையில் படுப்பேன். அவளை இடது பக்கம் போட்டுக்கொள்வேன், வலது தோள்தான் வலிக்கிறதே. மின்விசிறி சுற்றும். ரயில் போகும்போது தரை லேசாக நடுங்கும். தெருவில் தாரிணி, பக்கத்து வீட்டுப் பெண்களோடு பாண்டி ஆடிக்கொண்டு, கட்டத்தை ஜெர்மனில் எண்ணுவது கேட்கும். மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள், பிறகு அவர்களும் அப்படியே எண்ணுவார்கள். இதெல்லாம் தூக்கத்துக்கு வெளியேயா உள்ளேயா என்று தெரியாமல் கிடப்பேன். இங்கேயே இருந்துவிடட்டும், பரவாயில்லை என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றும்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, சாயங்காலம் எழுந்தபோது அண்ணி உமாவை என் மேலிருந்து தூக்கினாள். தூக்கியவள் அப்படியே நின்றாள்.

“அடியே செல்வி! இங்க வா! வந்து பாருடி!”

செல்வி ஓடிவந்தாள். உமாவின் கன்னம் சிவந்திருந்தது. இந்தத் தடவை வலது கன்னம். சும்மா சிவக்கவில்லை. மூன்று கோடு. ஒன்றன் கீழ் ஒன்றாக, விரலால் இழுத்த மாதிரி. கீழ்க்கோடு மட்டும் கொஞ்சம் மங்கல்.

“பட்டை!” என்றாள் அண்ணி. குரல் இறங்கிவிட்டது. “சாமி பட்டை போட்டிருக்குதுடி. ஈஸ்வரன் குறி.”

அண்ணன் பஸ்ஸை விட்டுவிட்டு வந்தவன், செருப்பை வாசலில் கழற்றிவிட்டுக் கிட்டே வந்து பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டான். மாடி வீட்டு அக்கா வந்தாள். எதிர்வீட்டிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. யாரோ தட்டில் விளக்கேற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். உமா விளக்கைப் பார்த்துக் கை கொட்டினாள், கொட்டிவிட்டுக் கன்னத்தைச் சொறிந்தாள்.

“இந்த மண்ணுலயே கெடக்கணும்னு சொல்லுது சாமி” என்றாள் அண்ணி. “இத்தவிட இன்னா வோணும்?”

நானும் கைகூப்பிக்கொண்டுதான் நின்றேன். மறைக்காமல் எழுதுகிறேன். சிவப்பைப் பார்த்ததும் முதலில் ஒரு நொடி என் மனசு துள்ளியது. இங்கேயும் வந்துவிட்டதே, அப்படியானால் குற்றம் குளிர்மேல் இல்லையே, என்னோடு வந்துவிடுவார்களே என்று. குழந்தை சொறிகிறாள், எனக்குச் சந்தோஷம். அந்த நொடியை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. அடுத்த நொடியில் மூன்று கோடும் கண்ணுக்குத் தெரிய, ஐயனே, நான் கேட்டதற்கு இதுவா பதில் என்று அழுகை வந்துவிட்டது. குழந்தைமேல் உன் கையெழுத்தைப் போட்டு இங்கேயே இருக்கச் சொல்கிறாயா? சொன்னால் கட்டுப்படுகிறேன் என்று வாய்விட்டே சொன்னேன்.

செல்வி மட்டும் கும்பிடவில்லை. குழந்தையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி குழந்தையைப் பார்த்தாள்.

“என்னாங்க, கொஞ்சம் குனியுங்க.”

“எதுக்கு?”

“குனியுங்கன்னா குனியுங்க.”

குனிந்தேன். உமாவை அண்ணி கையிலிருந்து வாங்கி, என் இடது தோளில் சாய்த்தாள். வழக்கம் போல உமா முகத்தைக் கழுத்துப் பக்கம் திருப்பிக்கொண்டு, கன்னத்தை வைத்தாள். செல்வி தலையைச் சாய்த்து உற்றுப் பார்த்தாள். தோளில் காலையில் போட்ட பட்டை, வியர்வையில் கொஞ்சம் கரைந்து, கீழ்க்கோடு மங்கலாக இருந்தது. அதன் மேலே அந்தக் கன்னம், டப்பாமேல் மூடி உட்கார்கிற மாதிரி உட்கார்ந்தது.

“அக்கா,” என்றாள் அண்ணியிடம், “பட்டை போட்டது சாமி இல்ல. இவரு.”

விளக்குத் தட்டு வைத்திருந்தவர் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

“அங்க வலது தோள்ல போடுவாரு, இடது கன்னம் வந்துச்சு. இங்க இடது தோள்ல போட்டாரு, வலது கன்னம். நாங்க மூணு வாரம் இங்க இருந்தோம், ஒண்ணுமில்ல. இவரு வந்தாரு, வந்துடுச்சு.”

“அட என் கர்மமே!” அண்ணி நெற்றியில் அடித்துக்கொண்டாள். “நான் உப்பு மிளகு கொட்டினது வீணா? அப்பன் வந்தா அரிப்பு வருதுன்னு அம்மனாண்ட சொல்லியிருந்தா அதுவே தடுத்திருக்குமே!”

முதலில் மாடி வீட்டு அக்கா சிரித்தாள். பிறகு எல்லாரும். அண்ணன் சிரித்து இருமினான். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. குழந்தையைத் தோளிலிருந்து எடுத்துச் செல்வியிடம் கொடுத்தேன்.

“திருநீறு எப்படிச் செல்வி? எங்கப்பா பூசலையா? நான் அவரு தோள்ல தூங்கலையா?”

“உங்கப்பா ஜவ்வாது போட்டாரா?” என்றாள்.

6

மறுநாள் மேற்கு தாம்பரத்தில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் போனோம். நான் டப்பாவையே கொண்டுபோனேன். திறந்ததும் அந்த அறை முழுக்க மணந்தது. அவர் சிரித்துவிட்டு மூடச் சொன்னார். இப்போது கடைகளில் வருகிற வாசனைப் பொடியில் என்னென்னவோ கலக்கிறார்கள், பெரியவர்கள் தோல் தாங்கிக்கொள்ளும், சில குழந்தைகளுக்கு ஆகாது, வியர்வையோடு சேர்ந்தால் இன்னும் மோசம் என்றார். அடித்துச் சொல்ல முடியாது, நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும் என்றும் சொன்னார்.

“திருநீறே பூசக் கூடாதா டாக்டர்?” என்று கேட்டேன். என் குரல் எனக்கே பாவமாக இருந்தது.

“நெத்தியில வெச்சுக்கங்க, சார். வாசனை வேணாம். பாப்பா சாயற இடத்துல எதுவும் வேணாம்.”

பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் மனசுக்குள் ஈஸ்வரனோடு பேசிக்கொண்டே வந்தேன். சண்டை இல்லை, ஏற்பாடு மாதிரி. நெற்றி உனக்கு, தோள் அவளுக்கு. அவள் தோளில் ஏறுகிற வயசு முடியட்டும், அந்த இடத்தையும் உனக்கே திருப்பித் தருகிறேன். அதுவரை பொறுத்துக்கொள். நீயும் பிள்ளை பெற்றவன்தானே என்றேன். பஸ் தாம்பரம் தாண்டியதா, பெருங்களத்தூர் வந்ததா என்றே எனக்குத் தெரியவில்லை. செல்விதான் தட்டி இறக்கினாள்.

நிறுத்தினோம். கோடுகள் மங்கின. லீவு முடிவதற்குள் இரண்டு கன்னமும் ஒரே நிறத்துக்கு வந்தன. செல்வி பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து, சேர்க்கவில்லை என்று சொன்னாள். அதைக் கேட்டுக்கொண்டிருந்த தாரிணி எழுந்துபோய், தன் பெட்டியை அடுக்க ஆரம்பித்தாள். எங்கே இருக்க ஆசை என்று அவளிடம் யாருமே இதுவரை கேட்கவில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்து துணியை மடித்துக் கொடுத்தேன். “அங்க போனா நான்தானே எல்லாத்துக்கும் பேசணும்” என்று சலித்துக்கொண்டாள். ஆனால் மடித்த துணிக்கு மேலே துணி வேகமாக ஏறியது.

சேகர், கதை இத்தோடு முடியவில்லை.

திரும்பி வந்த பிறகு உமா என் தோளில் தூங்க மறுத்தாள். தூக்கினால் ஏறுவாள், முகத்தைக் கழுத்தில் வைத்து ஒரு இழுப்பு இழுப்பாள். தலையை எடுத்து என் முகத்தைப் பார்ப்பாள். மறுபடி வைத்து இழுப்பாள். எதையோ தேடுகிறாள் என்று புரிந்தது. அவளுக்கு அப்பா என்றால் அந்த வாசனை. அவள் கன்னத்தைப் புண்ணாக்கியதும் அதேதான். அவளுக்கு அது எப்படித் தெரியும்? நான் அதை எடுத்துவிட்டேன், அவள் அப்பாவைக் காணோம் என்று இறங்கிப் போய்விட்டாள். பையில் கட்டி வைத்திருந்த முயலை எடுத்துக் கொடுத்தோம். அதைக் கட்டிக்கொண்டு தரையில் தூங்கினாள். நான் ஜன்னலோரம் சும்மா நின்றேன்.

ஒரு நாள் டப்பா இருக்கிற அலமாரியைத் திறந்தேன். ஒரே ஒரு சிட்டிகை, சட்டையின் முதுகுப் பக்கம் போட்டால் என்ன என்று தோன்றியது. ஈஸ்வரன்தான் கையைப் பிடித்தான். மூடிவிட்டேன். அப்புறம் செல்வி அந்த டப்பாவைக் குப்பையில் போட்டபோது நான் கேட்கவில்லை.

பிறகு ஒரு நாள் காலை கடைக்காக வெங்காயம் வதக்கி எடுத்துவைத்துவிட்டு, அலுப்பில் குளிக்காமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். தோளில் ஒரு துண்டு கிடந்தது. உமா முயலை இழுத்துக்கொண்டு வந்தாள். நின்றாள். கையைத் தூக்கினாள். தூக்கிப் போட்டுக்கொண்டேன். ஒரு இழுப்பு. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். இன்னொரு இழுப்பு. அப்புறம் முயல் கீழே விழுந்தது, உடம்பு கனக்க ஆரம்பித்தது.

இப்போது என்மேல் வெங்காய வாசனைதான். அதுதான் அவளுக்கு அப்பா.

வெறும் தோளில் எலும்பு குத்தும் என்று துண்டைப் போட்டே தூங்கவைக்கிறேன். எழுந்தால் கன்னத்தில் துண்டின் நெசவு அப்படியே பதிந்திருக்கும், சிவப்பாக, கோடு கோடாக. ஒவ்வொரு தடவையும் எனக்கு நெஞ்சு நின்றுபோகிறது. அது துண்டுதான், தெரியும். தெரிந்தும் அவளை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கோடுகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். பஸ் வரும், போகும். முதலில் மேல்கோடு கரையும், அப்புறம் நடுவில் இருப்பது. கடைசிக் கோடும் கரைந்து கன்னம் வெறும் கன்னமாகிற வரைக்கும், நான் கடைக்குக் கிளம்புவதில்லை.